பதினோரு சீட்டு, ஒரே கையெழுத்து

அக்காவை நினைத்தால் முதலில் என் மனதில் வந்து நிற்பது முகமோ குரலோ அல்ல, ஒரு ஜோடி வெள்ளை பூட்ஸ். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறி, பக்கவாட்டில் ஜிப் வைத்தவை. எண்பதுகளின் கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு மேடையேறியபோது முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் நாகரிகம் கருதி ஆகாயத்தைப் பார்த்தார்கள். தார் டிரம்களை நிறுத்தி, மேலே பலகை அடுக்கிக் கட்டிய மேடை அது. பலகைகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும் சந்து. அதில் குதிகால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அக்கா நுனிக்காலில் தாவித்தாவி நடந்தார். கீழே நின்ற நாங்கள் அதை ஏதோ வெளிநாட்டு நடனம் என்று எடுத்துக்கொண்டோம். மறுநாள் பஸ் நிலையத்தில் இரண்டு வாலிபர்கள் அதேபோல் நடந்து பார்த்து, ஒருவருக்குக் கால் பிசகியது.

அக்கா என்று நான் சொல்வது உறவுமுறையில் அல்ல. எங்கள் மெல்லிசைக் குழுவில் வேன் டிரைவர் முதல், அவரைவிடப் பத்து வயது மூத்த சாக்ஸபோன்காரர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் அங்கே அறிவிப்பாளர், கூடவே பலகுரல் கலைஞன். எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் ஜனங்கள் எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று நடிகர்களின் குரலில் பேசுவேன். மூன்றும் ஒரே ஆள் பேசுவதுபோல இருக்கிறது என்று என் அம்மா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா அப்போது ஒரு கேசட் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் சேர்த்து எட்டுப் பாட்டு. எழுதியது, மெட்டமைத்தது, கிடார் வாசித்தது எல்லாம் அவரே. ஒன்று தட்டச்சு வகுப்பைப் பற்றி, ஒன்று வராத பஸ்ஸைப் பற்றி, ஒன்று கரும்பு லாரியின் பின்னால் சைக்கிளில் போகும் ஒரு பெண்ணைப் பற்றி. இந்த விஷயங்களை ஆட வைக்கும் தாளத்தில் பாடலாம் என்று அதற்கு முன் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. அட்டைப் படத்துக்காக ஸ்டுடியோவில் பனி மூடிய ஏதோ அயல்நாட்டு மலை வரைந்த திரைக்கு முன்னால் அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்த ஸ்டுடியோவின் மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே நிஜ மலையே தெரியும். அது யாருக்கும் உறைக்கவில்லை. கேசட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர்கள், "யாரு நடிச்ச பாட்டு?" என்பார்கள். "யாரும் நடிக்கல" என்றால், "படம் நின்னு போச்சா, பாவம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மேடையில் அந்தப் பாட்டுகளைப் பாட அக்காவுக்கு அனுமதி இல்லை. குழுவின் தலைவரை மாஸ்டர் என்போம். அவர் நல்லவர், ஆனால் வியாபாரி. அந்நாளில் கச்சேரி கேட்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். சிகரெட் அட்டை, நோட்டுப் புத்தகத் தாள், பீடிக்கட்டுக் காகிதம் என்று எதில் வேண்டுமானாலும் வரும். அதைப் பார்த்து, 'இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்கள்' என்று பெயர்களை நான் வாசிக்க வேண்டும். மாஸ்டர் அந்த வழக்கத்தையே சட்டமாக்கினார். "ஒரே கச்சேரியில உன் சொந்தப் பாட்டு கேட்டு பத்து சீட்டு வரட்டும். அப்ப நீ பாடு. வாத்தியம் வாசிக்கிறது என் பொறுப்பு. ஒம்பது வந்தாலும் கெடயாது." அக்கா ஒப்புக்கொண்டார். வழக்கமாக இரண்டு வரும். ஒன்று எங்கள் டிரம்மரின் மச்சான் எழுதுவது.

இங்கே அக்காவின் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். மகளுக்கு முதல் கிடார் வாங்கிக் கொடுத்தவர். பூட்ஸைப் பற்றி ஊரும் சபையும் சொன்னதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கச்சேரிக்கும் பிளாஸ்கில் மிளகுப் பாலுடன் வந்து முன்வரிசை ஓரத்தில் உட்காருவார். அவருக்கு அச்சு வார்த்ததுபோல உருண்டையான கையெழுத்து. சுற்றுவட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகை உறைகளுக்கு விலாசம் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். பத்துச் சீட்டு எழுதுவது அவருக்கு ஐந்து நிமிட வேலை. அதனாலேயே அக்கா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார், எந்தக் காலத்திலும் தன் பாட்டுக்காக ஒரு சீட்டுகூட எழுதக் கூடாது என்று. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் நடந்த ஒரு திருவிழாக் கச்சேரியைப் பற்றி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலைக்குப் போகும் கடைசி பஸ் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அக்கா நான்கு சினிமாப் பாட்டுப் பாடி முடித்திருந்தார். இன்னும் ஒரு பாட்டு, பிறகு என் பலகுரல். அந்த நேரத்தில் கை மாறிக் கை மாறி ஒரு கற்றைச் சீட்டு என்னிடம் வந்தது. எண்ணினேன், பதினொன்று. எல்லாவற்றிலும் அக்கா கேசட்டின் பெயர் இருந்தது. எல்லாம் ஒரே கையெழுத்து, அழகான உருண்டை எழுத்து.

பதினொன்று என்றால் அக்கா பாட வேண்டும். அக்கா பாடினால் என் பலகுரல் போய்விடும். திருவிழாக்காரர்கள் சீக்கிரம் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று சொன்னால் எனக்கு இல்லாத புத்திசாலித்தனத்தைச் சேர்த்துக்கொள்வதாகும். சிரிப்பு வாங்கப் பழகியவனுக்கு மூளைக்கு முன்னால் நாக்குப் போகும். மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே, தாய்மார்களே, ஒரு அதிசயம்! நம்ம பாடகி சொந்தமா எழுதின பாட்டைப் பதினோரு பேரு கேட்டிருக்காங்க!" என்றேன். மாஸ்டர் நிமிர்ந்தார். அக்கா கிடாரை எடுக்கக் குனிந்தார். "பதினோரு பேரு, பதினோரு ஊரு. ஆனா கையி மட்டும் ஒண்ணுதாங்க!" என்று சொல்லி, கூட்டத்துக்குக் காட்டுவதற்காக ஒரு சீட்டைத் தூக்கித் திருப்பினேன்.

பின்பக்கம் ரோஸ் நிறத்தில் அச்சு இருந்தது. பஸ் டிக்கெட். மலை பஸ்ஸின் டிக்கெட். அடுத்ததைத் திருப்பினேன், அதுவும். அக்காவோ அவர் அப்பாவோ அன்று மலைக்குப் போகவில்லை, வேனில் எங்களோடு கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவர்கள். மலையிலிருந்து இறங்கி வந்த யாரோதான் கேட்டிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். எனக்கு அரை விநாடியில் புரிந்தது. ஆனால் அதற்குள் முன்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் மீதியைக் கேட்கக் கழுத்தை நீட்டினார்கள். அந்த அரை விநாடியில் நான் வாயை மூடியிருக்கலாம்.

"அக்கா வூட்டுல அரிசி கம்மியோ என்னமோ தெரியாது, பேனாவுக்கு மை மட்டும் ஜாஸ்தி!"

அவ்வளவு பெரிய சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சவுக்குக் கம்பத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் கீழே இறங்கிச் சிரித்தார்கள். அக்கா கிடாரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு முன்வரிசை ஓரத்தைப் பார்த்தார். வாத்தியார் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். நான் அதையும் பார்த்தேன். அக்கா ஐந்தாவது சினிமாப் பாட்டைப் பாடினார், சுருதி இம்மியும் விலகாமல். அது பாதியில் இருக்கும்போது பின்னால் மலை பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பிப் போனது. நான் சீட்டுகளைக் கசக்கி மேடைக்கு அடியில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து சாக்ஸபோன்காரர் சொன்னார். "டேய், உன் ஜோக்கால வாத்தியார் வூட்டுல அப்பனும் பொண்ணும் பேச்சுவார்த்தையே இல்லடா. சத்தியம் பண்ணிட்டு எழுதிட்டாருன்னு அக்கா அழுதுகினு கீது. அவரு நான் எழுதலன்றாரு. நீ இன்னாடான்னா பல்ல காட்டிக்கினு நிக்கிற." ஒரு வரியில் அந்தச் சண்டையை நான் தீர்த்திருக்கலாம். பின்பக்கம் பஸ் டிக்கெட் இருந்தது என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் எப்போது பார்த்தாய் என்று கேட்பார்கள். நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு ஜோக் மேடையை விட்டு இறங்கி ஒரு வீட்டுக்குள் போய்ச் சண்டை மூட்டுகிறதென்றால் சும்மாவா? அடுத்த கச்சேரிக்குப் பிளாஸ்க் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அக்காவும் மாஸ்டரிடம் சீட்டுக் கணக்குக் கேட்பதை நிறுத்திக்கொண்டார். ஒன்பதாவது பாட்டு எழுதப்படவே இல்லை.

பாட்டு எழுதவில்லையே தவிர அக்கா ஓயவில்லை. இன்றைக்கும் ஓயவில்லை. குழு கலைந்ததும் சென்னைக்குப் போய்ச் சினிமாவில் கோரஸ் பாடினார். மலைக்காட்சிகளில் கதாநாயகி ஓடும்போது தூரத்தில் 'ஆ' என்று கேட்குமே, அதில் சில 'ஆ'க்கள் அவருடையவை. நலங்கு வைக்கும் காட்சிகளில் நான்காவது பெண்ணாக நின்றார். மேடை நாடகங்களில் அம்மாவாகவும், இடைவேளைக்குப் பிறகு அதே நாடகத்தில் பாட்டுப் பாடும் பிச்சைக்காரியாகவும் வந்தார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மூன்றாவது வாரமே செத்துப்போகும் சித்தி வேடம். செத்த பிறகு இரண்டு வருடம் மாலை போட்ட படமாகக் கூடத்தில் தொங்கினார். "நடிச்சதிலியே ரொம்ப நாள் ஓடனது அதான் தம்பி, வசனமும் கம்மி" என்பார். ஆடியில் அம்மன் பாட்டு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டு, நடுவில் ஜவுளிக்கடை விளம்பரம். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். மூட்டுவலி வந்து, ரப்பர் செருப்புக்கு மாறிவிட்டார். ஆனாலும் மணலூர்பேட்டையில் கல்யாண வரவேற்பு என்றால் மணலூர்பேட்டை, தியாகதுருகத்தில் காதுகுத்து என்றால் தியாகதுருகம். செல்போனில் ஒரு நிமிடப் பாட்டுகள் பாடிப் போடுகிறார், அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அவர் புதுப் பாடகி. போன வாரம்கூட ஒரு குறும்படத்தில் ஆட்டோ ஓட்டும் பெண்ணாக நடித்துவிட்டு, "பிரேக் எதுன்னே தெரியாம ஓட்டிட்டேன்" என்று போனில் சிரித்தார்.

நானும் ஓயவில்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து சங்கராபுரத்தில் உட்கார்ந்தேன். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். பட்டிமன்ற மேடைகளில் இரண்டாவது பேச்சாளராக, அதாவது எல்லோரும் காபி குடிக்கும் நேரத்தில் பேசுகிறவனாக, பேர் வாங்கினேன். எங்கே போனாலும் அந்த ஜோக் கூடவே வந்தது. முதலில் மேடையில் சொன்னேன். பிறகு கட்டுரையாக எழுதினேன். பிறகு புத்தகத்தில் சேர்த்தேன். மை என்பதை ரீஃபில் என்று மாற்றி, பிறகு பழைய காலத்துச் சுவைக்காக மீண்டும் மை ஆக்கினேன். நிறையப் படித்து, நகைச்சுவை என்றால் என்ன என்று கூட்டங்களில் விளக்கம் கொடுத்திருக்கிறேன். அடுத்தவன் மனம் நோகாத நகைச்சுவைதான் உயர்ந்தது என்பேன், உடனே உதாரணத்துக்கு இதைச் சொல்வேன். சில மேடைகளில் அக்காவும் இருந்திருக்கிறார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்ப்பார்கள், அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அனுமதி என்று வைத்துக்கொண்டேன்.

வாத்தியார் இறந்தபோது போயிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசன் தம்பி, என்மேல இருந்த பாசத்துல ஒரே ஒரு தப்புதான் பண்ணாரு" என்றார். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வராது. நான் "ஆமாங்க்கா" என்றேன். ஆமாம் என்றேன். பிறகு யாரோ கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அக்கா போன் செய்தார். மலைமேல் ஒரு கிராமத்தில் புதுப் பள்ளிக் கட்டடம் திறக்கிறார்கள், காலையில் விழா, பழைய பாட்டுப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அறிவிப்புக்கு நீ வா தம்பி. அந்தக் காலத்து மாதிரி ஜாலியா பண்ணலாம். உனக்கும் பதினஞ்சு நிமிசம் பேச்சு கேட்டுகிறேன்." ஒப்புக்கொண்டேன். பதினைந்து நிமிடத்தில் எந்த ஜோக்கை எங்கே வைப்பது என்று துண்டுத் தாளில் குறித்தும் வைத்துக்கொண்டேன். அது மூன்றாவதாக இருந்தது.

விழா நாள் காலை கச்சிராயபாளையத்தில் இறங்கி, மலை பஸ்ஸுக்காக டீக்கடையில் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"நீங்கதான அந்த ஒரே கையெழுத்து ஜோக்கு சொல்றவரு? டிவியில பாத்துகிறேன்."

நான் வழக்கமான பணிவைக் காட்டினேன்.

"கைய குடுங்க. அந்தக் கையெழுத்து என்னுதுங்க."

மலை பஸ்ஸில் இருபது வருடம் கண்டக்டராக இருந்தவர். கோபமே இல்லை, ஏதோ சொந்தக்காரனைக் கண்டதுபோலச் சொல்லிக்கொண்டு போனார். "வண்டியில இருந்த கேசட்டுங்க எல்லாம் நாடா சுத்திக்கிச்சு. அந்தம்மா கேசட்டு ஒண்ணுதான் மிச்சம். ஏறும்போது ஒரு பக்கம், எறங்கும்போது ஒரு பக்கம். மல சனம் பூரா அதான் பாடிக்கினு திரிஞ்சாங்க. அன்னிக்கு அந்தம்மா கச்சேரின்னதும் அதையே கேக்கணும்னாங்க. எழுதத் தெரியாது. டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுன்னு ஆளாளுக்கு நீட்டறாங்க. டிரைவர் அண்ணன் வண்டிய அர மணி நேரம் நிறுத்தி வச்சாரு, பாட்டு கேட்டுட்டுப் போவலாம்னு."

"ஜோக்கும் கேட்டீங்களா?" என்றேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"கேட்டுக்கினுதான இருந்தோம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஏறி உக்காந்துட்டாங்க, வண்டிய எடுத்துட்டோம்." அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மாவுக்குத் தெரியுமில்ல, நாங்கதான் கேட்டோம்னு?"

"தெரியும், தெரியும்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். முப்பத்தைந்து வருடத்தில் அந்த விஷயத்தில் நான் சொன்ன கடைசிப் பொய் அதுதான் என்பதைத் தவிர என் பக்கம் சொல்ல எதுவும் இல்லை.

வளைவு வளைவாக ஏறும் பாதை. டிரைவர் சினிமாப் பாட்டு போட்டிருந்தார். மலைக்காரர்கள் பாப் பாட்டெல்லாம் கேட்பார்களா என்ற நினைப்புத்தான் அன்று என் நாக்கை அவ்வளவு வேகமாக ஓட்டியது என்று ஐந்தாவது வளைவில் எனக்குப் பட்டது. அவர்களில் பதினோரு பேரை ஒரே ஆள் என்று ஊருக்குச் சொன்னேன். ஊரும் சிரித்தது.

பழைய பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையை அக்காவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கரும்பலகையில் யாரோ பதினாறாம் வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டிருந்தார்கள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியை ஜன்னல் கம்பியில் சாய்த்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அடுத்த பெஞ்சில் கிடார் இருந்தது, மேடையில் அழகுக்காக எடுத்துவருவது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. மொதல்ல அந்த ஊக்க எடு."

ஊக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். டிக்கெட், ரோஸ் நிற அச்சு, அரை விநாடி, கண்டக்டர், எல்லாம். பாதியில் பழக்கதோஷத்தில் என் குரல் ஏறி இறங்கியது. கேட்கிறவர்கள் சிரிப்பதற்காக விடுவேனே, அந்த இடைவெளியை விட்டு நிறுத்தியும் விட்டேன். அக்கா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். மீதியைத் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப எங்கப்பா எழுதல."

"இல்லக்கா."

"உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்க்கா."

வெளியே மைக் சோதிக்கிறவன் ஹலோ, ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா ஊக்கைக் குத்தாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சாவறவரைக்கும் நான் எழுதலம்மா, நான் எழுதலம்மான்னே சொன்னாரு. கடைசில, சரி வுடுப்பா, நான் மன்னிச்சிட்டேன், இனிமே அதப் பேச வேணாம்னேன். அதுக்கப்பறம் பேசல அவரு." கைக்கண்ணாடியை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மன்னிச்சேன் தம்பி நானு" என்றார். "அவர."

ஒரு நகைச்சுவை எழுத்தாளனிடம் எந்தச் சூழ்நிலைக்கும் ஒரு வாக்கியம் கைவசம் இருக்கும் என்று நான் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறேன். இல்லை.

"இன்னா பாட்டு கேட்டிருந்தாங்க?" என்றார் அக்கா.

அறிவிப்புக்காக எனக்குத் தந்திருந்த வயர் இல்லாத மைக்கைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"எட்டுல எந்தப் பாட்டு? பதினோரு பேரும் ஒண்ணே கேட்டாங்களா, வேற வேறயா?"

"பாக்கலக்கா."

"கையெழுத்தப் பாத்த."

"ஆமாக்கா."

"பின்னாடி திருப்பியும் பாத்த."

"ஆமா."

"பாட்டு பேரு பாக்கல." அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சரிபார்த்துக்கொள்வதுபோலத்தான் கேட்டார். "காலையில அந்த கண்டக்டர்கிட்டயாச்சும் கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தச் சீட்டுகளில் ஒரு பாட்டின் பெயரும் இருந்தது என்பது முப்பத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூட என் புத்தியில் ஏறவில்லை. எனக்கு அவை ஒரு ஜோக்கின் சாமான்கள்.

"கீழதான் இருப்பாரு. எறங்கும்போது கேட்டு வந்து சொல்றேன்க்கா."

"வேணாம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்." ஊக்கைக் குத்திக்கொண்டு எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு கையை நீட்டினார். "மைக்க குடு."

கொடுத்தேன். கிடாரை மாட்டிக்கொண்டு அவராகவே வெளியே போனார். நான் வகுப்பறையிலேயே நின்றேன். ஜன்னல் வழியாக மேடையில் பாதி தெரிந்தது. கீபோர்டுக்காரப் பையன் சினிமாப் பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தான். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாருக்கும் வணக்கம். இப்ப பாடப்போறது நானே எழுதின பாட்டு. இத விரும்பிக் கேட்டவங்க, மலை பஸ்ல வந்த பதினோரு பேரு."

தட்டச்சு வகுப்புப் பாட்டைப் பாடினார். குரல் ஒரு படி இறங்கியிருந்தது. ஒரு சொல்கூட மறக்கவில்லை. முடிந்ததும் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். அடுத்ததைத் தொடங்கும் முன், "இத விரும்பிக் கேட்டவங்க, மலை பஸ்ல வந்த பதினோரு பேரு" என்றார். அது வராத பஸ்ஸின் பாட்டு. அதற்கடுத்ததற்கும் அதையே சொன்னார். அவர்கள் கேட்டது எது என்று தெரியாததால் எதையும் விடாமல் பாடிக்கொண்டு போகிறார் என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பின்வரிசையில் வயதானவர்கள் சிலர் தலையை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் யாராவது அங்கே இருந்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கும் யோக்கியதையும் இல்லை.

ஐந்தாவது பாட்டின்போது ஓர் இளம் ஆசிரியர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சார், சாப்பாட்டுக்கு நேரமாவுது. அம்மா எட்டுப் பாட்டும் பாடணும்ன்றாங்க. உங்க பேச்சு வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. தப்பா நெனச்சிக்காதீங்க." நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்றேன். அவர் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

எட்டாவது பாட்டுக்கும் அக்கா அந்த வரியை அப்படியே சொன்னார். அந்தப் பதினோரு சீட்டைப் பற்றி நான் எத்தனை மேடைகளில் பேசியிருப்பேன் என்று கணக்கில்லை, ஒவ்வொரு முறையும் ஜனங்கள் சிரித்திருக்கிறார்கள். அன்று அக்கா எட்டு முறை பேசினார். ஒரு முறைகூட யாரும் சிரிக்கவில்லை.